மூன்றாம் பருவ நிறைவும் கோடைக்காலப் பயிற்சியும்: பெற்றோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம்.

முழு ஆண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. ஆண்டு விழாவுக்கு வந்திருந்து கடைசி நடனம் வரை உட்கார்ந்திருந்த அனைவருக்கும் நன்றி. பேச்சு, ஓவியம், குறுவட்ட விளையாட்டு எனப் பல போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. பொதுத்தேர்வு எழுதியவர்களின் முடிவுக்கு உங்களைப் போலவே நாங்களும் காத்திருக்கிறோம். குடிநீர்த் தொட்டி கழுவியாகிவிட்டது.

மே மாதக் கிரிக்கெட் பயிற்சி வழக்கம்போல் காலை 6 மணி முதல் 8.30 வரை நடக்கும். அதையொட்டி ஹெல்மெட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. கிரிக்கெட் ஆடாத பிள்ளைகளின் வீட்டிலும் வாசித்துவிடுங்கள்.

தேர்வுக்கு முன் நெட்ஸில் (வலை கட்டிய பயிற்சி இடத்தில்) நடந்த சம்பவம் உங்களில் பலருக்கு வாட்ஸ்அப் வழியாகப் பலவிதமாக வந்து சேர்ந்திருக்கும். நடந்தது இவ்வளவுதான். நடுநிலை வகுப்பு மாணவர் ஒருவர் எழும்பி வந்த பந்தை ஹுக் செய்ய, அதாவது பக்கவாட்டில் திருப்பி அடிக்க, போனார். பந்து ஹெல்மெட்டின் பக்கவாட்டில் பட்டது. ஹெல்மெட் தலையோடு நிற்காமல் சுழன்றுவிட்டது. அதன் ஓரம் புருவத்தைக் கிழித்துத் தையல் போட வேண்டியதாயிற்று. பிள்ளை இப்போது நலம். யார், எந்தப் பிரிவு என்று யாரும் தேட வேண்டாம். பந்து போட்ட மாணவர் மேல் எந்தத் தவறும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை.

ஹெல்மெட் சுழன்றதற்குக் காரணம், அது அவர் தலைக்கு மிகப் பெரியது. உடற்கல்வி ஆசிரியர் அடுத்த நாளே எல்லாருடைய ஹெல்மெட்டையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். சரியான அளவில் வைத்திருந்தவர்களைவிடத் தொளதொளவென்று வைத்திருந்தவர்களே அதிகம். கேட்டால் ஒரே பதில்: "வளர்ற பையன், ரெண்டு வருஷத்துக்கு ஆகும்னு அப்பா வாங்கினார்." சீருடையை ஒரு அளவு பெரிதாகத் தைத்து, மடித்து, வருஷா வருஷம் மடிப்பைப் பிரித்துவிடுவது நம் வீடுகளின் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஹெல்மெட்டுக்கு மட்டும் அது ஆகாது. வெளி ஓடு பந்து மோதும் விசையைப் பரப்புகிறது. உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கி, பந்து நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டுகிறது. நேரம் நீண்டால் தலையில் இறங்கும் விசை குறையும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இது வருகிறது. ஃபோமுக்கும் தலைக்கும் நடுவில் இடைவெளி விட்டால் அது தன் வேலையைச் செய்ய முடியாது.

"நாங்கள் எல்லாம் ஹெல்மெட் போட்டா ஆடினோம்?" என்று ஒரு தந்தை என் அறையில் கேட்டார். வயதில் மூத்தவர், நன்றாக ஆடியவர், அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் காலத்தில்தான் 1962-ல் பார்படாஸில் நம் இந்தியக் கேப்டன் நாரி காண்ட்ராக்டரின் மண்டை ஓடு உடைந்தது. சார்லி கிரிஃபித் வீசிய பந்து. மேற்கிந்தியத் தீவுகள் கேப்டன் ஃபிராங்க் வொரல் ரத்தம் கொடுத்தார். காண்ட்ராக்டர் பிழைத்தார், ஆனால் மறுபடி டெஸ்ட் ஆடவே இல்லை. 1998-ல் டாக்காவில் இந்திய வீரர் ராமன் லம்பா பேட்ஸ்மேனுக்கு மிக அருகில், ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் வந்து நின்றபோது, ஓவரில் மிச்சம் சில பந்துகள்தானே என்று ஹெல்மெட்டை வேண்டாம் என்றாராம். நெற்றிப்பொட்டில் அடிபட்டு மூன்றாம் நாள் இறந்தார். நம் பிள்ளைகள் நெட்ஸில் "ரெண்டு பால்தான் சார்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு லம்பாவின் நினைவுதான் வருகிறது.

பிள்ளைகள் கழற்றுவதற்குக் காரணம் வெறும் சோம்பல் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹெல்மெட் உண்மையிலேயே அசௌகரியமானது. அக்னி நட்சத்திரத்தில் காலை ஏழரை மணிக்கே வியர்வை கண்ணில் இறங்கும். தாடைப்பட்டை உரசும். உலகத்தரத்து ஆட்டக்காரர்களுக்கே இது தொல்லைதான். கவாஸ்கர் கடைசி வரை பெரிய ஹெல்மெட்டை ஏற்கவில்லை. தொப்பிக்கு அடியில் ஒரு மண்டைக் கவசத்தோடு சமாளித்தார். 2014-ல் ஹெல்மெட் அணிந்திருந்த ஆஸ்திரேலிய வீரர் ஃபிலிப் ஹியூஸ், அதற்குக் கீழே கழுத்தில் பந்து பட்டு சிட்னியில் இறந்த பிறகு, பின்கழுத்தை மூடும் காப்புகள் வந்தன. அதே நாட்டின் ஸ்டீவ் ஸ்மித்துக்கு அந்தக் காப்பைப் போட்டாலே மூச்சு முட்டுவதுபோல் இருந்ததால் போடாமலே ஆடிவந்தார். 2019-ல் லார்ட்ஸில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து அவர் கழுத்தில்தான் பட்டது. 2023 அக்டோபர் முதல் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியம் தன் வீரர்கள் வேகப்பந்தைச் சந்திக்கும்போது அந்தக் காப்பைக் கட்டாயமாக்கியது. இப்போது ஸ்மித்தும் போடுகிறார்.

ஆகவே "போடு" என்று கத்துவதோடு நிற்காமல், போட்டுக்கொண்டே இருக்கும்படி எப்படிச் செய்வது என்று பார்க்கும் பொறுப்பை அறிவியல் மன்ற மாணவர்களிடம் கொடுத்தோம். கண்காட்சியில் எரிமலை மாதிரிக்குக் கூடிய கூட்டம் இவர்கள் மேஜைக்குக் கூடவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். இவர்கள் முதலில் ஹெல்மெட்டைத் தொடவில்லை. ஆடுகிறவர்களிடம் போய், எப்போது கழற்றுகிறாய், ஏன் கழற்றுகிறாய் என்று கேட்டார்கள். வெயில் என்பார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பெரும்பாலும் வந்த பதில் நாற்றம். கிட் பேக்கில் ஈரத்தோடு மூடி வைத்த ஹெல்மெட், அதுவும் மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டது. அம்மாக்கள் தரப்பில் இன்னொரு காரணம், வெளியே சொல்லக் கூச்சப்படுவது: பேன். நியாயமான பயம்.

அவர்கள் கண்டுபிடித்த தீர்வு எளிது. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக மெல்லிய பருத்தி உள்தொப்பி. நெற்றிப் பக்கம் மட்டும் துணி இரட்டை மடிப்பு. வியர்வை அதிலேயே நின்றுவிடும். தினமும் துவைக்கலாம். மெல்லியதாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். டர்க்கி டவலை மடித்து உள்ளே வைத்தால் ஹெல்மெட் மேலேறிவிடும். பயிற்சி முடிந்ததும் ஹெல்மெட்டைப் பைக்குள் திணிக்காமல் நிழலில் கவிழ்க்காமல் காயவைப்பதற்கு கிட் அறையில் ஆணி வரிசை அடித்திருக்கிறோம். வெயிலில் வைக்க வேண்டாம், ஃபோமும் பசையும் கெட்டுப்போகும்.

பெண்பிள்ளைகளின் பிரச்சினை வேறு. ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடைமேல் எந்த ஹெல்மெட்டும் உட்காராது. பின்னால் தூக்கிக்கொண்டு முன்னால் கண்ணை மறைக்கும். அணியில் இருக்கும் மாணவியர் பயிற்சி நாட்களில் பிடரிக்குக் கீழே தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டு வரலாம். வகுப்பாசிரியர்களிடம் சொல்லியாகிவிட்டது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். புருவத்துக்கு ஒரு விரல் மேலே டேப் வைத்துத் தலைச் சுற்றளவை எடுங்கள். பட்டையை மாட்டாமல் தலையை ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் தலையோடு சேர்ந்து ஆட வேண்டும், தனியாக ஆடக் கூடாது. உள்ளே பிஎஸ் 7928:2013 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை இருக்கிறதா, அதில் ஜூனியர் பந்துக்கும் சோதிக்கப்பட்டதாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை. பெரியவர்கள் பந்து 156 முதல் 163 கிராம் வரை. சிறுவர்கள் பந்து சுமார் 135 கிராம், அளவிலும் சிறியது. பெரிய பந்தைத் தடுக்கும் கிரில்லின் (முகத்துக்கு முன் உள்ள கம்பிகளின்) இடைவெளியில் சிறிய பந்து நுழைந்துவிடலாம். அண்ணனின் பழைய ஹெல்மெட்டைத் தம்பிக்குக் கொடுக்கும்போது இது நினைவில் இருக்கட்டும். பலமாக ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றப்பட வேண்டியதே.

எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். சொன்னால் பள்ளிக்குக் கமிஷன் என்று பேச்சு வரும். பேசுகிறவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கடுமையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காற்றுக்காக ஹெல்மெட்டில் டிரில்லிங் மெஷின் வைத்து ஓட்டை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பந்து நன்றாகத் தெரிய வேண்டும் என்று கிரில்லின் ஸ்க்ரூவைத் தளர்த்தி இறக்கியிருக்கிறார்கள். தேர்வாளர் வந்த அன்று, "தொப்பி போட்டு ஆடினால்தான் ஸ்டைல் தெரியும், விடுங்க சார்" என்று வேலிக்கு வெளியே நின்று பயிற்சியாளரிடம் வாதாடியிருக்கிறார்கள். இவை மூன்றையும் செய்தது பிள்ளைகள் அல்ல. மே மாதம் முதல் ஸ்டிச் பந்தில் (தையல் போட்ட தோல் பந்தில்) பேட் செய்யவும், ஸ்டம்புக்கு அருகில் நின்று கீப்பிங் செய்யவும், பேட்ஸ்மேனுக்கு அருகே குளோஸ் ஃபீல்டிங் நிற்கவும் அளவான, திருத்தப்படாத ஹெல்மெட் கட்டாயம். இல்லாதவர் அன்று ஓடலாம், டென்னிஸ் பந்தில் கேட்ச் பயிற்சி செய்யலாம். பேட் தொட முடியாது. யார் வந்து பேசினாலும், நான் உட்பட யார் சிபாரிசு செய்தாலும், உடற்கல்வி ஆசிரியரின் முடிவே இறுதியானது.

இன்னொன்று. ஹெல்மெட் மண்டை உடைவதைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்கும் ஹெல்மெட் உலகில் எங்கும் இல்லை. தலையில் அடிபட்ட பிள்ளை தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மங்கலான பார்வை என்று சொன்னாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, அன்று ஆட்டம் முடிந்தது. வீட்டில் வாந்தி தொடர்ந்தாலோ, எழுப்ப முடியாத தூக்கமாக இருந்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஐஸ் ஒத்தடம் கொடுத்துக் காலைவரை பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே மைதானத்துக்குத் திரும்பலாம். அணித் தேர்வுக்காக அடிபட்டதை மறைத்து அனுப்புவதை மட்டும் எந்த வீட்டிலும் செய்ய வேண்டாம், தயவுசெய்து.

(சட்டத்தின் பேரில் ஒரு சின்ன விஷயமும்: இருசக்கர வாகனத்தில் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் வேண்டும். காலையில் பள்ளி வாசலில் நிற்கும் எனக்கு, வண்டிக் கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட்டுகள்தான் அதிகம் தெரிகின்றன.)

செலவு ஒரு சுமை என்பது எனக்குத் தெரியும். பேட், கால்காப்பு, கிளவ்ஸ் என்று ஏற்கெனவே நீண்ட பட்டியல். முன்னாள் மாணவர் சங்கம் பல அளவுகளில் சில ஹெல்மெட்டுகள் வாங்கித் தர முன்வந்திருக்கிறது. தேவைப்படுவோர் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னால் போதும், விண்ணப்பம், வருமானச் சான்று எதுவும் வேண்டாம். உள்தொப்பிகளைத் தையல் வகுப்பு மாணவியர் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை காலை உடற்கல்வி அறையில் டேப்போடு ஆசிரியர் இருப்பார். பிள்ளையையும் வீட்டில் உள்ள ஹெல்மெட்டையும் அழைத்து வாருங்கள், அளவு பார்த்துச் சொல்வார்.

சம்பவம் நடந்த அன்று தன் காரில் அந்த மாணவரை மருத்துவமனைக்குக் கொண்டு போன பெற்றோருக்கும், யாரையும் குறை சொல்லாமல் "மற்ற பிள்ளைகளுக்கு இப்படி ஆகாமல் பாருங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்ட அந்த மாணவரின் தாயாருக்கும் பள்ளியின் சார்பில் என் நன்றி. அதிகாலையில் எழுந்து பிள்ளைகளை மைதானத்துக்குக் கொண்டுவந்து விடும் உங்கள் அனைவருக்கும் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: கிட் அறையில் உரிமை கோரப்படாத தண்ணீர் பாட்டில்கள், ஒற்றைக் கிளவ்ஸ்கள், ஒரு நல்ல எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கிடக்கின்றன. அளவு பார்க்க வரும் சனிக்கிழமையே எடுத்துச் செல்லவும்.