காப்பக வாசலில் அன்றாடப் பதிவேட்டை மீண்டும் வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
காப்பகத்துக்குத் தினமும் வரும் பறவை நோக்கர்கள்

பெறுநர்:
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
கடலோர இயற்கைக் காப்பகம்

பொருள்: பறவைகள், பிற உயிரினங்கள் குறித்த தினசரிப் பதிவேடு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வாசலில் கயிறு கட்டித் தொங்கிய பதிவேடு, சென்ற வலசைப் பருவத்தில் நிரம்பியதும் உள்ளே போனது. புதியது வரவில்லை. கேட்டால், "அதான் எல்லாரும் போனிலேயே போட்டுவிடுகிறீர்களே" என்கிறார்கள்.

அது பாதி சரி. பார்த்த பறவைகளைப் பதியும் இணையத் தளமான இ-பேர்ட் 2002 முதல் இருக்கிறது, நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் அரிய பறவை வந்த நாளில் போனில் பத்துப் பதிவு விழும், மழை கொட்டும் வெறும் நாளில் ஒன்றும் விழாது. பழைய பதிவேட்டில் காவலர்கள் "இன்று எதுவும் இல்லை" என்றுகூட எழுதினார்கள். எங்களுக்கு அந்த வரிதான் முக்கியம். நேற்று வரை இல்லை என்று தெரிந்தால்தானே இன்று வந்து இறங்கியது என்று சொல்ல முடியும்?

2022இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய இளம் பட்டைவால் மூக்கன் பறவை ஒன்று, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கி.மீ. தூரத்தை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்தது. இப்படிப் பறக்கும் பறவைகள் உடலில் கொழுப்பு ஏற்றிக்கொள்வது கடலோரச் சேற்றுத் திட்டுகளில்தான். அங்கே ஒரு நாய் ஓடினால் கூட்டமே எழும்பி, தின்றதைப் பறந்தே செலவழிக்கும். கூட்டம் எந்த வாரம் வரும் என்று பதிவேடு காட்டினால், அந்த வாரம் மட்டும் சேற்றுப் பாதையை மூடலாம். ஆண்டு முழுக்க மூடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

புதிய ஏட்டில் நேரத்தோடு கடல் ஏற்றமா வற்றமா என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். வற்றத்தில் சிதறி மேயும் உள்ளான்கள் ஏற்றத்தில் ஒரே மேட்டில் ஒதுங்கும். இது தெரியாமல் இரண்டு நாள் எண்ணிக்கையை ஒப்பிட்டால் தப்பாகப் போகும். ஆமைத் தடம், நீர்நாய் எச்சம், கரை ஒதுங்கிய ஓங்கில் (டால்பின்) ஆகியவற்றுக்குக் கடைசிப் பத்தி போதும்.

அப்புறம், கூடு இருக்கும் இடத்தை மட்டும் யாரும் அதில் எழுதக் கூடாது. ஆலாவும் உப்புக்கொத்தியும் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. படம் எடுக்க வருபவர் கால்பட்டே உடைந்துவிடும். அதை நேரே தங்கள் அலுவலகத்தில் சொல்கிறோம்.

நிரம்பிய ஏடுகள் உப்புக்காற்றில் நைந்துபோகும் முன், அவற்றைப் படம் பிடித்துச் சேமிக்கவும் அனுமதி தர வேண்டுகிறோம். அந்த வேலையை நாங்களே முறைவைத்துச் செய்து தருகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
பறவை நோக்கர்கள்