"தரைதானுங்க" என்கிறார்கள்

அன்புள்ள செந்திலு,

பொங்கலுக்கு அப்புறம் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபமிருந்தால் நேரில் வந்து திட்டிக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. லேப் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து முடிந்தது. நீ வராததை இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இப்போது எழுதுவது ஒரு தரையைப் பற்றி. பல்லடம் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் ஆர்.ஓ. ரிஜெக்ட் (கழிவுநீரைச் சுத்திகரித்தபின் மிஞ்சுகிற உப்புத் தண்ணீர்) தொட்டிகள் வைக்கிற இடத்துக்கு டிசைன் கேட்டிருக்கிறார்கள். தொட்டி உடைந்தாலும் உப்புத் தண்ணீர் வெளியே போகக் கூடாது; அடியில் கான்கிரீட் தரை, சுற்றிலும் இடுப்புயரச் சுவர். கான்ட்ராக்டர் என்ன சொல்கிறார் தெரியுமா? "அட, தரைதானுங்க. ஆறு இஞ்ச் போட்டு நடுவுல ஒரு வலை கட்டினாப் போதுமுங்க." குடோனுக்குப் போதும், இதற்கு எப்படிப் போதும்?

நான் 250 மி.மீ. கனம், மேலும் கீழும் 12 எம்.எம். கம்பி 150 மி.மீ. இடைவெளியில் கொடுத்திருக்கிறேன். பாரத்துக்கு அவ்வளவு வேண்டாம், அது விரிசலை அடக்குவதற்கான கம்பி. கான்கிரீட் இறுகும்போது சுருங்கும், அடியிலிருக்கும் பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட் படுகை) விடாமல் பிடிக்கும், அப்போது விரிசல் விழாமல் இருக்காது. அந்தப் பிடியைத் தளர்த்தத்தான் நடுவில் பாலிதீன் ஷீட். மீறி வருகிற விரிசல் 0.2 மி.மீட்டருக்குள் அடங்க வேண்டும் என்று தண்ணீர்த் தொட்டிகளுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 3370 கேட்கிறது. அகலமாக வாய் பிளந்தால் ரிஜெக்டில் இருக்கிற குளோரைடு உப்பு நேராகக் கம்பிக்குப் போய், துரு உப்பி மேல் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். சல்ஃபேட் உப்பைத் தாங்குகிற எஸ்.ஆர்.சி. சிமெண்ட் போடலாமே என்றார் கான்ட்ராக்டர். சல்ஃபேட்டுக்கு அது நல்லது, ஆனால் குளோரைடைப் பிடித்துவைக்கிற சி3ஏ என்கிற சிமெண்ட் கூறு அதில் கம்மி. இங்கே இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த இடம் கரிசல் வேறு. மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிற மண்மேல் தரையைப் போட்டால் மற்ற எல்லாம் வீண். தோண்டி எடுத்துவிட்டு கிராவல் கொட்டி ரோலர் விடச் சொன்னேன், அதற்கே ஓனர் முகம் மாறிவிட்டது.

எனக்குப் பெரிய பயம் சுவரும் தரையும் சேருகிற இடம். சுவரின் முதல் 150 மி.மீ. உயரத்தைத் தரையோடு ஒரே வார்ப்பில் எழுப்பி, வாட்டர் ஸ்டாப்பின் (இணைப்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கிற பட்டை) பாதியை அதில் புதைக்க வேண்டும். கம்பி கட்டுகிறவர்கள் இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை மடக்கி ஆணி அடித்துவிடுகிறார்கள். மடங்கிய இடத்துக்கு அடியில் கான்கிரீட்டை அதிர்த்து இறுக்குகிற வைப்ரேட்டர் போகாது, கல் மட்டும் தேன்கூடு மாதிரி நிற்கும். அப்புறம் ஆனி ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து அது அடிக்கிற அடியில், போட்டுக்கொண்டிருக்கும்போதே மேல்பரப்பு காய்ந்து வெடிக்கிறது. சாயங்காலம் வார்ப்பு, உடனே ஷீட் மூடி, மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்கிறார்கள். நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத்துக்கென்று தேக்கிய தண்ணீர் சாயக்கழிவாக நின்றதைப் பார்த்த ஊர் இது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையெல்லாம் மூடச் சொன்னபோது எத்தனை குடும்பம் வேலையில்லாமல் நின்றது, உனக்கும் தெரியும். தரைக்கு அடியில் கசிந்தால் யார் கண்ணுக்கும் படாது, பக்கத்துத் தோட்டத்துக் கிணறு உப்புக் கரித்த பிறகுதான் தெரியும். அந்தத் தோட்டத்துக்காரர் தென்னைக்குப் பாய்ச்சுகிற தண்ணீர் அது.

நீ மஸ்கட்டில் கடல்நீர்த் தொட்டி வேலை பார்த்தவன். மூலையில் வாட்டர் ஸ்டாப்பை எப்படி ஒட்டினீர்கள், சைட்டில் சூடு வைத்தா, மூலைத் துண்டு தயாராக வாங்கியா? படம் இருந்தால் அனுப்பு. அடுத்த வாரம் கம்பி கட்ட ஆரம்பிக்கிறார்கள், அதற்குள் வேண்டும்.

அன்புடன்,
முருகேசன்