தீவாந்தர தண்டனை என்றால் அந்தமான் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைதிகளைக் கடல் கடந்து நாடுகடத்தும் தீவாந்தர தண்டனை பற்றி நம் பத்திரிகைகளில் எது வந்தாலும் அந்தமானில் தொடங்கி அந்தமானிலேயே முடிந்துவிடுகிறது. செல்லுலார் சிறை கட்டி முடிந்தது 1906இல். அந்தமானில் கைதிகளை நிலையாகக் குடியேற்றியதே 1858இல், சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகுதான். அதற்கு எழுபது வருடம் முன்பிருந்தே கிழக்கிந்தியக் கம்பெனி சுமத்ராவின் பென்கூலனுக்கும், அப்புறம் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்காவுக்கும் ஆட்களைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தது. இதில் நம் சென்னை மாகாணத்து ஆட்கள் ஏராளம்.

சின்ன மருதுவின் மகன் துரைசாமியை மட்டும் கொஞ்சம் பேர் அறிவார்கள். 1801இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, அந்தச் சிறுவனையும் அவனோடு எழுபதுக்கும் மேற்பட்டவர்களையும் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு அனுப்பினார்கள். மருதுவோடு பழகிய கம்பெனி அதிகாரி வெல்ஷ் 1818இல் பினாங்கு போனபோது துரைசாமியைப் பார்த்திருக்கிறார். முப்பது வயதைச் சற்றே தாண்டிய அந்த மனிதர் அடையாளமே தெரியாத கிழவராக நின்றதை அவரே எழுதியும் வைத்திருக்கிறார். படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது ராஜவம்சத்தைப் பற்றி இல்லை. கப்பலேறியவர்களில் பெரும்பாலானோர் போராளிகள் அல்ல. கொள்ளை, கொலை, திருட்டு என்று தண்டனை பெற்ற சாதாரண ஜனங்கள், பெண்களும் உண்டு. ஆயுள் தண்டனைக் கைதியின் நெற்றியில் பெயர், குற்றம், தீர்ப்புத் தேதி எல்லாவற்றையும் பச்சை குத்தினார்கள். 1849இல்தான் அந்த வழக்கத்தைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். தண்டனை முடிந்து விடுதலையானாலும் நெற்றி எழுத்து போகாதே! தலைப்பாகையை இறக்கிக் கட்டி மறைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனதும் 1825 ஏப்ரலில் அங்கிருந்து முதல் தொகுதியாகச் சிங்கப்பூர் வந்தவர்கள் சென்னை மாகாணத்துக் கைதிகள் 80 பேர். அடுத்து வங்காளத்துக் கைதிகள். காட்டை வெட்டியது, சதுப்பு நிலத்தைத் தூர்த்தது, ரோடு போட்டது, செங்கல் சுட்டது எல்லாம் இவர்கள்தான். கைதிகளிலேயே நன்னடத்தை உள்ளவர்களைப் பொறுக்கி மற்றவர்களுக்குக் காவலாகவும் வைத்தார்கள். இன்று நம்மவர்கள் சுற்றுலா போய் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்ளும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், சிங்கப்பூர் அதிபரின் இஸ்தானா மாளிகையும் இந்தியக் கைதிகள் கட்டியவை. தேவாலயச் சுவரில் அவர்கள் பூசியது நம் ஊர்ச் சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும்.

1873இல் சிங்கப்பூர்க் கைதிக் குடியேற்றத்தை மூடினார்கள். சிலரை அந்தமானுக்கு மாற்றினார்கள், மற்றவர்களில் பலர் விடுதலையாகி அங்கேயே கலந்துவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1788க்கும் 1868க்கும் இடையில் பிரிட்டன் அங்கே அனுப்பிய கைதிகள் ஏறக்குறைய 1,62,000 பேர். ஒரு காலத்தில் அதைச் சொல்லக் கூசியவர்கள்தான் அவர்களும். இன்று கைதியின் பேரன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள், அந்தக் கைதிப் பதிவேடுகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. ரொட்டி திருடியவனும் அவர்களுக்கு முன்னோர்தான். நமக்கு மட்டும் தியாகி என்றால்தான் பெயர் வேண்டும், திருடன் என்றால் எந்த ஊர் என்றுகூடக் கேட்கமாட்டோம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதுவும் தீர்ப்பு சொன்னது கம்பெனி நீதிமன்றம். அது யாரையெல்லாம் கொள்ளைக்காரன் என்றது என்பதையும் யோசிக்க வேண்டும்.

சென்னை மாகாணத்தின் பழைய அரசு ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தண்டனைக் கைதிகள் பற்றிய பதிவுகளைத் தேடி, பெயரும் ஊருமாகத் தமிழில் வெளியிட அரசு முன்வர வேண்டும். உங்கள் நாளிதழும் ஞாயிறு மலரில் இதற்கு இடம் ஒதுக்கி, தென்மாவட்ட வாசகர்களிடம் 'கப்பலில் போன தாத்தா' கதை வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டு வாங்கிப் போடலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிவகங்கை