எங்கள் தொழிலைப் பதிவுசெய்ய வழிவிடக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

விடயம்: திருநர் மற்றும் ஒருபாலீர்ப்புள்ள சிறுதொழில் முயற்சியாளர்களின் வியாபாரப் பெயர்ப் பதிவு, கடன் பிணை, விற்பனை இடம் தொடர்பானது

ஐயா / அம்மணி,

நாங்கள் யாழ் மாவட்டத்தில் சிறு தொழில் செய்யும் 11 பேர். ஆரி வேலை, மணப்பெண் அலங்காரம், கேக், பனம்பொருள், பூமாலை என்று ஆளுக்கொரு வேலை. ஒருவர் ஓட்டோவுக்கு சீற் தைக்கிறார். எங்களில் திருநங்கைகள் இருக்கிறோம், திருநம்பி ஒருவர் இருக்கிறார், ஒருபாலீர்ப்புள்ள ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள். தொழிலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்கும் அதே கேள்விதான். அதனால்தான் இந்த மனு.

எனக்கு விவரமாகத் தெரிந்தது என் தொழில் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சின்ன வயதில் அம்மாவின் கூறைச் சேலைக் கரையைத் தடவித் தடவிப் பார்த்துப் பேச்சு வாங்கியவள் நான். இப்போது கூறைக்குப் போடும் சட்டைகளுக்கு ஆரி வேலை செய்கிறேன். துணியை மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியை மேலிருந்து குத்தி, அடியில் இடக்கை பிடித்திருக்கும் நூலைக் கொழுவி மேலே எடுக்க வேண்டும். இழுவை கொஞ்சம் தளர்ந்தாலும் மணி வரிசை கோணும். கோணினால் பிரித்துத் திரும்பவும் முதலிலிருந்து. கையிரண்டும் கழுத்தும் முதுகும் சேர்த்து ஒரு சட்டைக்கு நாலைந்து நாள் போகும். வைகாசியிலும் ஆவணியிலும் நித்திரை இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் சட்டம் சுவரில் சாய்ந்திருக்கும்.

போன வருடம் நான் செய்த ஒரு சட்டைக்குக் கடைக்காரர் எனக்குத் தந்தது 7,000 ரூபா. அதே சட்டையை அவர் 22,000 ரூபாவுக்குக் கொடுத்தார் என்று மணப்பெண்ணின் சித்தியே பிறகு சொன்னார். கடைக்காரரைக் குறை சொல்லி ஆவதில்லை. என்னிடம் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் தொழிலின் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை, பில் போட ஏலாது. வெளிநாட்டிலிருந்து கலியாணத்துக்கு வருகிறவர்கள் முற்பணம் அனுப்பக் கணக்கு இலக்கம் கேட்டால், அக்காவின் கணக்கைக் கொடுத்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. மூன்று மடங்கு விலைக்குப் போகும் வேலையை இன்னொருவரின் பெயர்ப்பலகைக்குக் கீழே இருந்து செய்கிறேன்.

பதியப் போகாமல் இருந்தேனா என்றால், இல்லை. ஒரு பிரதேச செயலகத்துக்கு நாலு தடவை போனேன். முதல் நாள் உத்தியோகத்தர் என் அடையாள அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப அட்டையைப் பார்த்தார். மீசை அரும்பிய 16 வயதுப் படம் அது. "இது உங்கட தம்பியின்ர கார்ட்டோ? அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். அவர் இனி வரமாட்டார் என்று சொன்னேன். அந்த மனிதர் செத்த வீட்டுக்குச் சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டு அனுதாபம் சொன்னார். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அடுத்தடுத்த தடவைகளில் அனுதாபமும் இல்லை. கிராம அலுவலரின் கடிதம் சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். அந்தக் கடிதத்தில் என் வதிவிடத்துக்கும் தொழிலுக்கும் கீழே, என் "நடத்தை" பற்றி ஒரு வரி இருந்தது. அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

சட்டம் எங்களுக்கு எதிராக இருக்கிறது என்று சில உத்தியோகத்தர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். ஒருபாலுறவைக் குற்றமாக்கும் பிரிவுகளான, 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத்தான் அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பிரிவுகள் ஒருவர் திருநங்கையாக இருப்பதையோ, கடை வைப்பதையோ குற்றமாக்கவில்லை. அவற்றைத் திருத்தக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றமும் தீர்மானித்துவிட்டது. பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்கு வழிசெய்யும் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை 2016இலேயே வந்தது. அந்தச் சான்றிதழை வைத்துப் பிறப்புப் பதிவைத் திருத்தி, அப்புறம் அடையாள அட்டையை மாற்றலாம். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையும், சட்டபூர்வமான எந்தத் தொழிலையும் செய்யும் சுதந்திரத்தை 14ஆம் உறுப்புரையும் சொல்கின்றன. தங்களுக்குத் தெரியாதது இல்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

ஆகவே முதற்கோரிக்கை இது. சான்றிதழ் கையில் இருந்தும் பிறப்புப் பதிவும் அட்டையும் மாறி முடியாத இடைக்காலத்தில், பழைய அட்டையையும் சான்றிதழையும் சேர்த்து ஏற்றுக்கொண்டு பதியும்படி பிரதேச செயலகங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். சான்றிதழ் எடுக்காதவர்களும் எங்களில் இருக்கிறார்கள். தோற்றத்தைக் காரணம் காட்டி அவர்களின் விண்ணப்பத்தையும் திருப்ப வேண்டாம். கிராம அலுவலர் கடிதத்தில் வதிவிடமும் தொழில் நடக்கும் இடமும் இருந்தால் போதும். நடத்தை வரி வேண்டாம்.

அடுத்தது எங்களில் இரண்டு பெண்களின் விடயம். ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். பனம்பழக் காலத்தில் விடியப்புறம் எழும்பிப் பழம் பொறுக்கி, பிசைந்து, களியைப் பாயில் ஊற்றிப் பினாட்டுக் காயவைப்பார்கள். மழை இருட்டினால் பாயோடு தூக்கிக்கொண்டு ஓட்டம். ஒடியல் மாவும் பனங்களி ஜாமும் செய்கிறார்கள். ஜாம் ருசியென்றால் ருசி, இதை நான் பக்கச்சார்பு இல்லாமல் சொல்கிறேன். சுயதொழில் உதவித் திட்டம் ஒன்றுக்குப் போனபோது, கணவர் இறந்தவரா, காணாமற்போனவரா, விட்டுப் போனவரா என்று கேட்டார்கள். மூன்றும் இல்லை என்றதும் படிவம் அப்படியே நின்றுவிட்டது. போரில் கணவரை இழந்த பெண்களுக்குரிய உதவியில் பங்கு கேட்கவில்லை. அது அவர்களுக்கே போகட்டும். மற்றச் சுயதொழில் திட்டங்களிலாவது இருவர் பங்காளிகளாக விண்ணப்பிக்க இடம் வேண்டும், அவர்களுக்குள் என்ன உறவு என்று கேட்காமல்.

கடனுக்குப் போனால் பிணைக்கு இரண்டு நிரந்தர அரசாங்க உத்தியோகத்தர் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிணை நிற்பது மாமாவும் பெரியப்பாவும்தான். எங்களில் பாதிப்பேருக்கு வீட்டுப் படி மிதிக்க வழியில்லை. மாமா எங்கே வந்து கையெழுத்து வைப்பார்? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் ஒருவருக்கொருவர் பொறுப்பு நிற்பதுபோல நாங்கள் 11 பேரும் நிற்கத் தயார். ஐந்து வருடமாக எங்களுக்குள் சீட்டுப் பிடிக்கிறோம், ஒரு மாதமும் தவறவில்லை. 2022இல் நூலும் மணியும் கண்டபடி விலை ஏறிக் கிடந்த காலத்திலும் தவறவில்லை. சீட்டுக் கொப்பியின் பிரதி இணைத்திருக்கிறோம். சிறுதொழில் கடன் கொடுக்கும் வங்கிகளோடு தாங்கள் கூட்டம் நடத்தும்போது இதை ஒரு தடவை எடுத்துப் பேசினால் பெரிய உதவி.

கண்காட்சி, சந்தை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு கண்காட்சியில் காசு கட்டி எடுத்த எங்கள் கடையை, பக்கத்துக் கடைக்காரர் முறைப்பட்டார் என்று மலசலகூடத்துப் பக்கம் மாற்றினார்கள். கேக் விற்கிற கடை, ஐயா. முறைப்பாடு வந்தால் முறைப்பட்டவரை மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இவற்றைக் கவனிக்க மாவட்டச் செயலகத்தில் உத்தியோகத்தர் ஒருவரைப் பொறுப்பாக்கித் தந்தால், கச்சேரி வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்லும் வேலை மிச்சம்.

எங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் எல்லாம் தனி உறையில் ஒட்டி வைத்திருக்கிறோம். அதைத் தாங்கள் மட்டும் திறக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எங்களில் மூன்று பேரின் வீட்டுக்கு இன்னும் விடயம் தெரியாது.

தாங்கள் நாள் குறித்தால் நேரில் வருவோம். வரும்போது ஒரு சட்டையும் ஒரு போத்தல் ஜாமும் கொண்டுவர நினைத்திருக்கிறோம். பார்ப்பதற்குத்தான், திரும்ப எடுத்துக்கொண்டு போவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர் 11 பேர் சார்பில், ஆரி வேலை செய்பவர்

இணைப்பு: ஒட்டிய உறை 1, சீட்டுக் கொப்பிப் பிரதி, திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்களின் பிரதிகள்