கனடாவில் இருந்து வரும் கசெட்டும் கொழும்புக் காற்றும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கொழும்பில் மெட்டல் இசை கேட்கும் தமிழ் இளையோர் இப்போது பாட்டோடு நிற்பதில்லை. இசைத்தட்டு, வீடியோ கசெட், ரீசேர்ட், முகமூடி என்று பொருளாகவும் சேர்க்கிறார்கள். குவார் போன்ற வேடமேடைக் குழுக்களின் சாமான்கள் என்றால் ஆசை இன்னும் கூட. ரொறன்ரோவில் இருக்கும் மாமாவிடமோ லண்டனில் இருக்கும் அக்காவிடமோ சொல்லி எடுப்பிக்கிறார்கள். நல்ல காசு கொடுத்து வாங்கிய பொருள் இங்கே வந்து இரண்டு மழைக்காலம் தாண்டுவதில்லை. இவற்றில் பெரும்பாலானவை வடஅமெரிக்க மின்சாரம், தொலைக்காட்சி முறை, உலர்ந்த காற்று மூன்றையும் நம்பிச் செய்த பொருட்கள். இங்கே மூன்றுமே வேறு. ஏறக்குறைய எல்லாச் சேதமும் இந்த வித்தியாசத்தில் இருந்துதான் தொடங்குகிறது.

அறியாதவர்களுக்காக: குவார் 1984இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் தொடங்கிய குழு. வேற்றுலக அரக்கர் வேடம், மேடையில் தலை வெட்டும் காட்சி, பார்வையாளர் மேல் பீய்ச்சும் செயற்கை இரத்தம் இவைதான் அவர்களுடைய அடையாளம். வேடங்களைச் செய்வது ஸ்லேவ் பிட் என்ற அவர்களது சொந்தப் பட்டறை. ஓடரஸ் உருங்கஸ் வேடமேற்ற டேவ் புரொக்கி 2014 மார்ச்சில் இறந்த பின்பும் குழு நிற்கவில்லை. ஆபாசமும் அருவருப்பும் தாராளமாக உள்ள மேடை அது. சின்னப் பிள்ளைகளுக்கு உரியதல்ல. ஆனால் அந்தக் கைவேலை உயர்ந்தது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. 1992இல் வந்த அவர்களுடைய நீள்வீடியோ கிராமி விருதுக்கே பரிந்துரைக்கப்பட்டது.

இசைத்தட்டு வாங்குவோர் முதலில் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். 1988இன் முதல் அல்பமான 'ஹெல்-ஓ' ஷிம்மி-டிஸ்க் நிறுவன வெளியீடு. வேறு நிறுவனப் பெயர் இருந்தால் அது பிற்காலப் பதிப்பு. கேட்க நல்லதாக இருக்கலாம், முதற்பதிப்பு விலை கொடுக்க வேண்டியதில்லை. 1990இன் 'ஸ்கம்டாக்ஸ் ஆஃப் த யூனிவர்ஸ்' 30 ஆண்டு நிறைவுக்காக 2020இல் வந்தபோது பாட்டுகளைப் புதிதாகக் கலவை செய்தே வெளியிட்டார்கள். பழைய ஒலிதான் வேண்டும் என்பவருக்கு அது உதவாது. சீடி என்றால் நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடிப் பகுதியை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். ஐ.எஃப்.பி.ஐ. (உலக இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம்) என்ற எழுத்தும் அதோடு ஒரு குறியீடும் பொடியாகப் பொறித்திருந்தால் அந்தத் தட்டு 1994இலோ அதற்குப் பிறகோ அச்சானது. அந்தக் குறியீட்டு முறையே அந்த ஆண்டில்தான் வந்தது. '1990 மூலப் பதிப்பு' என்று விற்பவரிடம் உள்வளையத்தின் படத்தைக் கேட்டால் பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

அனுப்புகிறவரிடம் ஒன்று கட்டாயம் சொல்லுங்கள்: தட்டை அட்டை உறைக்குள் வைத்து அனுப்பக் கூடாது. உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டையின் பின்னால் வைத்துக் கட்ட வேண்டும். விமானத்திலும் லொறியிலும் குலுங்கும்போது 180 கிராம் எடையுள்ள பாரமான தட்டின் விளிம்பு அட்டையின் ஒட்டிய ஓரத்தை உள்ளிருந்து அறுத்துவிடும். வந்து சேர்ந்ததும் கடதாசி உள்ளுறையை எறிந்துவிட்டுப் பொலித்தீன் உறை போடுங்கள், ஏனென்றால் கடதாசி ஈரத்தைக் குடித்துப் பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும். பி.வி.சி. வெளியுறை அதைவிட மோசம். அது வெளிவிடும் ஆவி வெக்கையில் தட்டின் மேல் பால்நிற மூட்டமாகப் படியும், கழுவினாலும் போகாது.

கழுவுவதற்கு 750 மில்லிலீற்றர் வடித்த நீர், 250 மில்லிலீற்றர் ஐசோபுரோபைல் அல்ககோல், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. பிறகு வெறும் வடித்த நீரால் ஒருமுறை துடைக்க வேண்டும். பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். இதே கலவையை வீட்டில் உள்ள பழைய 78 சுழற்சித் தட்டுகளில் தொடவே கூடாது. அவை அரக்கால் ஆனவை, அல்ககோலில் கரையும். தாத்தா காலத்துச் சினிமாப் பாட்டுத் தட்டுகள் பல இப்படித்தான் போயின.

கனடாவில் இருந்து பழைய ரேண்டேபிள் (இசைத்தட்டுச் சுழற்றி) கொண்டுவருவோருக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. அங்கே மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேட்ஸ் (செக்கனுக்கு 60 அலைவு). இங்கே 230 வோல்ற், 50 ஹேட்ஸ். ட்ரான்ஸ்ஃபோமர் வோல்ற்றை இறக்கும், ஹேட்ஸை மாற்றாது. ஏ.சி. மோட்டர் ஹேட்ஸுக்கு ஏற்பச் சுற்றுவதால் 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 27.8 சுற்றும். பாட்டு இழுபடும், குரல் தடிக்கும். பலர் தட்டில் பிழை என்று நினைக்கிறார்கள். டி.சி. மோட்டர் உள்ளதற்கு இந்தத் தொல்லை இல்லை. வாங்க முன்னர் மோட்டர் எது என்று கேளுங்கள்.

வீடியோ கசெட்தான் மிகவும் அவசரமான விடயம். அமெரிக்க, கனடாக் கசெட்டுகள் என்.டி.எஸ்.சி. என்ற தொலைக்காட்சி முறை, இலங்கை பி.ஏ.எல். முறை. பி.ஏ.எல். மட்டும் தெரிந்த டெக்கில் (கசெட் ஓட்டும் கருவியில்) போட்டால் படம் உருளும். நாடா செக்கனுக்கு 3.3 சென்ரிமீற்றர் ஓட வேண்டிய இடத்தில் 2.3 மட்டும் ஓடுவதால் சத்தமும் இழுபடும். 'இரண்டு முறையும் ஓடும்' என்று விற்கும் டெக்குகளில் பெரும்பாலானவை தொலைக்காட்சியில் பார்க்க மட்டும் சரி. அவை வெளிவிடுவது இரண்டு முறையும் கலந்த சமிக்ஞை; கணினிக்கு மாற்றும்போது பல கருவிகள் அதைக் கறுப்பு வெள்ளையாகக் காட்டும், அல்லது ஏற்கவே மாட்டாது. நல்ல வழி, சாதாரண கனடா டெக் ஒன்றை எடுப்பித்து 120 வோல்ற் ட்ரான்ஸ்ஃபோமரில் ஓட்டுவதுதான். டெக்கின் உள்ளே மோட்டர்கள் டி.சி. என்பதால் 50 ஹேட்ஸ் அதைப் பாதிக்காது. பதியும்போது 720க்கு 480, செக்கனுக்கு 29.97 படம் என்று வையுங்கள். எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சள் வயரை விட அதுவே தெளிவு.

நாடாவைப் போட முன்னர் கசெட்டின் சின்ன ஜன்னலைக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் பக்கத்தில் வெள்ளை நூல் போலவோ சாம்பல் புள்ளியாகவோ தெரிந்தால் அது பூஞ்சணம். ஓட்டினால் டெக்கில் நாடாவை வாசிக்கும் தலையில் ஒட்டும். அதன் பிறகு போடும் ஒவ்வொரு கசெட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் சில வாரம் உலர விட வேண்டும். பூஞ்சணம் பொடியாகக் காய்ந்த பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, நூல் உதிராத துணியில் நாடாவை மெதுவாக ஓடவிட்டுத் துடைக்க வேண்டும். இதற்கு ஒரு பழைய டெக்கை ஒதுக்கி வையுங்கள். தலையைத் துடைக்க மான்தோலும் 99 வீத ஐசோபுரோபைலும் வேண்டும். தோலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு உருளையை விரலால் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலை உடைந்து, டெக்கே வீண். புதிய டெக் இனி வராது; கடைசியாகச் செய்து வந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது.

டிவிடிக்கு இவ்வளவு பாடில்லை. எந்த நாட்டுக் கருவியில் ஓடும் என்பதற்கு ஒரு வலய இலக்கம் உண்டு. வடஅமெரிக்கா 1ஆம் வலயம், பிரித்தானியா 2, இலங்கை 5. உறையில் உலக உருண்டைக்குள் உள்ள இலக்கத்தைப் பாருங்கள். பூச்சியம் அல்லது எல்லா வலயமும் என்றிருந்தால் கவலை இல்லை.

ரீசேர்ட் விடயத்தில் எங்கள் ஆட்களுக்குக் கண் இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவராவது இல்லாத தெரு குறைவு. ஆனாலும் '1992 சுற்றுப்பயண ரீசேர்ட்' என்று ஏமாறுகிறார்கள். அந்தக் காலத்து அமெரிக்க ரீசேர்ட்டின் கை ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் பெரும்பாலும் ஒற்றைத் தையல்தான் இருக்கும். இரட்டைத் தையல் பரவலானது 90களின் நடுப்பகுதிக்குப் பிறகு. அச்சைக் கைத்தொலைபேசிக் கமராவில் பெருப்பித்துப் பாருங்கள். ஸ்கிரீன் அச்சில் புள்ளிகள் துணியின் நெசவோடு இறங்கி நிற்கும். இப்போதைய ஃபிலிம் அச்சு (ஃபிலிமில் அச்சிட்டுச் சூட்டில் ஒட்டுவது) துணிக்கு மேலே மெல்லிய தோலாகக் கிடக்கும், ஓரம் மினுங்கும். ஸ்கிரீன் அச்சுக்குப் பாவிக்கும் பிளாஸ்ரிசோல் மை சூட்டில் இளகும் என்பதால் அச்சின் மேல் அயன் பெட்டி வைக்கக் கூடாது. உள்பக்கம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயப்போட்டு, மடிக்கும்போது அச்சின் மேல் கேக் சுடும் எண்ணெய்த்தாள் ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால் வெக்கையில் ஒன்றோடொன்று ஒட்டும். குவார் நிகழ்ச்சிக்கு இரசிகர்கள் வெள்ளை ரீசேர்ட்டோடு போய்ச் செயற்கை இரத்தக் கறையோடு திரும்புவது வழக்கம். அந்தக் கறை பெரும்பாலும் உணவுச் சாயம், பருத்தியைப் பிடிக்காது. ஒருமுறை கழுவினாலே வெளிறும், வெயிலில் தொங்கவிட்டாலும் வெளிறும். அப்படி ஒன்று கிடைத்தால் நன்றாக உலர்த்தி, கழுவாமல், இருட்டான பெட்டியில் வையுங்கள்.

முகமூடிகளைப் பற்றித்தான் எங்களுக்குப் பெரிய கவலை. அம்பலாங்கொடை முகமூடி கதுரு மரம். இந்தக் குழுக்களின் முகமூடிகள் இறப்பர்ப் பால். 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் இறப்பர் நட்ட நாடு இது, இறப்பருக்கு எது பகை என்று தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: வெயில், எண்ணெய், செம்பு. மினுக்கம் வர என்று தேங்காயெண்ணெய் பூசுகிறார்கள்; ஊதி, பிசுபிசுத்து, கிழிந்துவிடும். செப்புக் கம்பியில் மாட்டினால் கம்பி பட்ட இடம் முதலில் கெடும். மென்சவர்க்கார நீரில் துடைத்து, நிழலில் உலர்த்தி, உள்ளும் புறமும் வாசனையில்லாத டால்க் தூவி, அச்சில்லாத வெள்ளைக் கடதாசியால் உருவம் நிற்கும்படி நிரப்பி இருட்டில் வையுங்கள். ஒருமுறை பிசுபிசுத்த இறப்பரைத் திருப்பி எடுக்க வழியில்லை.

பெட்டி என்று சொல்வது இறுக்கமாக மூடும் றப்பர் வளையம் உள்ள பிளாஸ்ரிக் பெட்டி. 30 லீற்றர் பெட்டிக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே சின்ன ஈரப்பதமானி. 40 இலிருந்து 50 வீதத்துக்குள் நிற்க வேண்டும். 65 தாண்டினால் பூஞ்சணம். ஜெல் நிறம் மாறியதும் 110 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் அவணில் காய வைத்தால் திரும்பப் பாவிக்கலாம். அலுமாரியில் போடும் நெப்தலின் உருண்டையை இதற்குள் போடாதீர்கள். அதன் ஆவி சீடிப் பெட்டிகளின் பிளாஸ்ரிக்கை இளக்கும்.

சுங்கத்தில் உண்மை விலையையே எழுதுங்கள், ரசீதை வைத்திருங்கள்; 18 வீத வற் உட்பட வரும் வரியையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். நிர்வாணப் படம் உள்ள அட்டைகளை விற்பனைக்கென்று எடுப்பிக்க வேண்டாம். 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. கசெட்டைக் கணினிக்கு மாற்றுவது உங்கள் பாதுகாப்புக்கு. அதையே பிரதியெடுத்துக் கடையில் விற்பவர்களிடம் வாங்காதீர்கள். அந்தக் காசு ரிச்மண்டில் முகமூடி வார்க்கிற கைக்குப் போக வேண்டியது.

இங்ஙனம்,
இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சிலர்,
கொழும்பு 6.