வசந்திக்கு, இடுப்பளவு பற்றி

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளிர் குழுவுக்குச் சர்க்கரை நோய் முகாம் வைக்கிறாய் என்பதைப் படித்ததும் மனசு நிறைந்துபோயிற்று. எடை மெஷின், உயரம் பார்க்கும் பலகை எல்லாம் தயார் என்கிறாய். கூடவே ஒரு டேப்பும் வாங்கி வை. கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் தள்ளியும் இருப்பவர்களை எடை மெஷின் காட்டிக்கொடுக்காது.

2004-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் யாஜ்னிக், யுட்கின் என்ற இரு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டு இதை விளக்கினார்கள். எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் 22.3. ஆனால் உடலில் கொழுப்பு லண்டன்காரரான யுட்கினுக்கு 9.1 சதவீதம், புனேக்காரரான யாஜ்னிக்குக்கு 21.2. குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே இன்சுலின் எடுபடாமல் போய், சர்க்கரையும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் ஏறுகின்றன. தொடையில் சேரும் கொழுப்பு இந்த அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை.

அளக்கும்போது தொப்புளைக் கணக்கில் எடுக்காதே. வயிறு சரிந்தவர்களுக்குத் தொப்புளும் இறங்கியிருக்கும். பக்கவாட்டில் விரலால் தடவி, கடைசி விலா எலும்பின் கீழ் ஓரத்தையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வை. டேப் அந்தப் புள்ளிமேல்தான் சுற்ற வேண்டும். நம் பெண்களிடம் பெரிய சிக்கல் புடவைக் கொசுவமும் பாவாடை நாடாவும்தான். அதன் மேலேயே சுற்றினால் அளவு கூடிவிடும். தடுப்புத் துணி கட்டி, ஒரு பெண்ணையே அளக்க வைத்து, நாடாவைத் தளர்த்தி இறக்கிவிடச் சொல். முதுகுப் பக்கம் டேப் இறங்கிவிடுகிறதா என்று சுற்றிப் போய்ப் பார். பாதங்களைச் சேர்த்து நிற்கட்டும். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அளவெடுக்கிறோம் என்றதும் எல்லாரும் வயிற்றை எக்குவார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே, இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் கணத்தில் படி. இரண்டு முறை அளந்து, ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அள. தையல்காரர் துணி டேப் நாளாக நாளாக நீண்டுவிடும்; இரும்பு ஸ்கேலோடு வைத்துச் சரிபார்த்துக்கொள். கர்ப்பிணிகளுக்கு அளக்க வேண்டாம்.

தெற்காசியர்களுக்கு வரம்பு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90. ஐரோப்பிய ஆண்களுக்கு உள்ள 94-ஐ இங்கே எடுக்காதே. 80 என்ற கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. 150 செ.மீ. உயரமுள்ளவளுக்கு இடுப்பு 78 என்றால் அவள் தப்பிவிடுவாள். உயரத்தில் பாதி 75 என்று பார்த்தால் மாட்டிக்கொள்வாள். அதனால் இரண்டையும் பார். ஒரு நூலை அவள் உயரத்துக்கு வெட்டி, பாதியாக மடித்து இடுப்பைச் சுற்றிக் காட்டு. நூல் முட்டவில்லை என்றால் அவளுக்கே புரிந்துவிடும்.

சென்னையின் மெட்ராஸ் டயாபிடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் வகுத்த மதிப்பெண் முறையையும் வைத்துக்கொள். வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை என்று நான்கே கேள்வி. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம். அவர்களுக்கும், இடுப்பு கூடியவர்களுக்கும், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அன்றைக்கே பார்த்துவிடு. டேப் நோயைச் சொல்லாது, யாருக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். அதனால் முகாமைக் காலை 7 மணிக்கே தொடங்கு, சாப்பிடாமல் வரச் சொல்.

எத்தனை பேர் வருவார்கள் என்று எழுது, அதற்கேற்ப அளவுப் படிவம் தயார் செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
மல்லிகா