சிவப்பு இலைக்குள் பச்சை

அன்பு மகளுக்கு,

அப்போது உனக்கு எட்டு வயது இருக்கும். தொட்டியில் இருந்த கோலியஸ் செடியைக் காட்டி, "இந்த இலை சிவப்பா இருக்கே, இதுல பச்சையம் இல்லையாப்பா? அப்ப எப்படிச் சாப்பாடு செய்யும்?" என்று கேட்டாய். "சிவப்பு நிறமே அந்த வேலையைச் செஞ்சுக்கும்மா" என்றேன். அது தப்பு. இத்தனை வருடம் திருத்தாமல் விட்டது மனதை உறுத்துகிறது.

போன வாரம் அதே மாதிரி ஒரு இலையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டது. மிஞ்சியது பச்சை இலை! பக்கத்தில் நீ இல்லையே என்றிருந்தது.

அந்தச் சிவப்புக்கு ஆந்தோசயனின் என்று பெயர். செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் கரைந்து கிடக்கும், அதனால் வெந்நீரோடு போய்விட்டது. பச்சையம் இருப்பது பசுங்கணிகம் என்று செல்லுக்குள் உணவு தயாரிக்கும் சிறு உறுப்பின் சவ்வில். தண்ணீரில் கரையாது, தங்கிவிட்டது. உணவு தயாரிப்பதெல்லாம் அந்தப் பச்சைதான். சிவப்பு மேலே போர்த்திய போர்வை, அவ்வளவே.

பச்சைய மூலக்கூறில் ஒரு வளையம் உண்டு, அதன் நடுவில் ஒரே ஒரு மக்னீசியம் அணு. நம் ரத்தச் சிவப்பிலும் ஏறக்குறைய இதே வளையம்தான், நடுவில் மட்டும் இரும்பு. பச்சையம் அதிகம் பிடிப்பது நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும். 1932ல் எமர்சன், அர்னால்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் பாசியின் மேல் மின்னல் மாதிரி கண நேர ஒளியைப் பாய்ச்சி அளந்தார்கள். எவ்வளவு ஒளி கொடுத்தாலும், ஏறத்தாழ 2,500 பச்சைய மூலக்கூறுக்கு ஒரே ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுதான் வந்தது. பெரும்பாலான பச்சையம் ஒளியை வாங்கி, கிணற்றடியில் குடத்தைக் கைமாற்றுவதுபோல, பக்கத்து மூலக்கூறுக்குக் கொடுக்கிற வேலையில்தான் இருக்கிறது. வேதிவினையைத் தொடங்கி வைக்கும் மையங்கள் கொஞ்சம்தான்.

ஆனால் என் மனதைத் தொட்டது இலையில் பச்சையத்தோடு சேர்ந்திருக்கும் மஞ்சள் நிறமிகள். கரோட்டினாய்டுகள் என்று பெயர். பச்சையம் சரியாகப் பிடிக்காத நீலப்பச்சை ஒளியையும் கொஞ்சம் பிடித்துத் தருகின்றன. அதைவிடப் பெரிய வேலை காவல். உச்சி வெயிலில் இலைக்கு வருகிற ஒளி அதற்குத் தேவையானதைவிட அதிகம். செலவாகாத ஆற்றல் பச்சையத்திலேயே தங்கினால், பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனைக் கிளறிவிட்டு இலையையே அரித்துவிடும். கரோட்டினாய்டுகள் அந்த ஆற்றலை வாங்கி வெறும் வெப்பமாக வெளியேற்றிவிடுகின்றன. மரபுக்கோளாறால் இவை இல்லாமல் முளைக்கும் நாற்று, வெளிச்சம் பட்டதும் வெளுத்துச் சாகிறது.

இன்னொன்றும் தவறாகச் சொல்லியிருக்கிறேன், பச்சை ஒளி இலைக்கு வேண்டவே வேண்டாம் என்று. இலைக்குள் பச்சை ஒளி செல்லுக்குச் செல் மோதித் திரும்பித் திரும்பி அலைவதால், அதிலும் பெரும்பகுதியை இலை பிடித்துவிடுகிறது. தப்பி வரும் சிறு மிச்சம்தான் நம் கண்ணுக்குப் பச்சை.

உன் ஜன்னலோரச் செடியில் ஒரு இலையைக் கிள்ளி நசுக்கி, கொஞ்சம் ஸ்பிரிட்டில் ஊற வை. பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. வடிதாளைக் கீற்றாக வெட்டி அதில் நுனி மட்டும் நனைய நிறுத்து. பச்சையைத் தாண்டி மஞ்சள் ஒரு கோடாக மேலே ஏறுகிறதா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா